மைனரை எந்த பஸ்ஸும் இடிக்கவில்லை

பஸ் இடித்துவிட்டது என்று சொல்லியாகிவிட்டது. இனி அந்த பஸ்ஸைக் கைவிட முடியாது. எந்த பஸ் என்று டாக்டரம்மா கேட்டால் மினி பஸ் என்று சொல்ல வேண்டும், பச்சை மினி பஸ், கடற்கரை ரோட்டில் பாட்டை அலறவிட்டுக்கொண்டு வருமே, அது. மிக்கேலம்மாள் மாட்டாஸ்பத்திரி வராந்தாவில் சிமெண்டு பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து, முக்காட்டை நெற்றி வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு, அந்த பஸ்ஸை மனசுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தாள். முன்கண்ணாடியில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்குகின்றன. டிரைவர் சீட்டில் ஒருத்தன், வாயில் பாக்கு, ஒரு கையில் செல்போன். நாய் குறுக்கே வருவதைப் பார்க்கிறான். பார்த்துவிட்டும் பிரேக் போடவில்லை, நாய்தானே என்று நினைக்கிறான், சக்கரம் ஏறுகிறது, இறங்குகிறது, அவன் கண்ணாடியில் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவனை ஜன்னல் வழியாகச் சட்டையைப் பிடித்து இழுத்துத் தரையில் போட வேண்டும். ஸ்டியரிங் பிடித்த அந்தக் கையை மணிக்கட்டோடு துண்டாக்க வேண்டும். மடியில் கிடந்த அவளுடைய விரல்கள் தானாக இறுகின, பல்லோடு பல் உரசியது. அப்புறம்தான் அப்படி ஒரு டிரைவரே இல்லை என்பது ஞாபகம் வந்தது. பச்சை பஸ்ஸும் இல்லை. அடித்தவன் இதோ, கண்ணெட்டும் தூரத்தில், வேப்பமரத்தடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறான். அவள் பெற்றவன்.

டென்சில் வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். நெஞ்சிலிருந்து வயிறு வரைக்கும் நாய் மைனரின் ரத்தம் காய்ந்து பழுப்பேறிக் கிடந்தது. வலது கையில் கைக்குட்டையைச் சுற்றியிருந்தான். ஆட்டோவிலிருந்து இறங்கும்போது அவன்தான் நாயைப் பச்சைப்பிள்ளையைப் போல அணைத்துக்கொண்டு ஓடிவந்தான், டாக்டர் டாக்டர் என்று தொண்டை கிழியக் கத்தினான். காலில் கட்டுப்போட ஆட்டுக்குட்டியைக் கொண்டுவந்திருந்த ஒரு பெண் அதைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இப்போது அவள் பெஞ்சில் நகர்ந்து வந்து, "ஒங்க மவனாக்கா? வாயில்லா சீவன் மேல எம்புட்டுப் பாசம் பாத்தியளா. இந்தக் காலத்துல இப்படி ஒரு பிள்ள கெடைக்குமா?" என்றாள். மிக்கேலம்மாள் "ம்" என்றாள். அந்தப் பெண்ணின் வாயைப் பொத்தி, அவள் கால் உதறுகிற வரைக்கும் அழுத்த வேண்டும்போல இருந்தது. பாவம், அவளுக்கு என்ன தெரியும். ஆட்டுக்குட்டி 'மே' என்றது. அதன் கழுத்தில் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது. கழுத்து. எல்லாமே கழுத்தில்தான் போய் நிற்கிறது இன்றைக்கு. டென்சில் குனிந்து அழுகிறபோது காலர் விலகி, பிடரி தெரிந்தது. அந்தப் பிடரியில் ஒரு மச்சம் உண்டு. குளிப்பாட்டி முடித்ததும் அங்கே பவுடர் போட்டு ஊதுவாள், அவன் கூசிக்கொண்டு சிரிப்பான். மச்சத்துக்குச் சரியாக ஒரு விரற்கடை கீழே. அங்கே போட்டால் ஒரே வெட்டு.

அவளுக்கு வெட்டத் தெரியும். மீன் சந்தையில் கூரைத் தகரத்துக்குக் கீழே அரிவாள்மணையை முன்னால் போட்டுக்கொண்டு, வாங்கி வருகிறவர்களுக்கு மீன் வெட்டிக் கொடுப்பதுதான் பிழைப்பு. பாறை மீன் என்றால் முதலில் செவுளுக்குள் கைவிட்டு இழுக்க வேண்டும். வாளை என்றால் மேல்தோலை ஓட ஓட உருவ வேண்டும். பெரிய ஊழிமீனின் தலையை இரண்டாகப் பிளக்கும்போது பிடிக்கிற கை அசையவே கூடாது, அசைந்தால் விரல் போகும். அவள் கை அசைந்ததில்லை. மனுசனும் அப்படித்தான் இருப்பான், தோலுக்குக் கீழே முள்ளும் சதையும்தானே. அவன் தூங்கும்போது. குடித்துவிட்டு வந்தால் வாயைத் திறந்துகொண்டு மல்லாந்து கிடப்பான், கட்டிலோடு கட்டிலாக ஒரு கயிறு. இல்லை, மண்ணெண்ணெய். மண்ணெண்ணெய் இப்போது எங்கே கிடைக்கிறது? அப்படியானால் அடிபம்பின் கைப்பிடியே போதும், அவன் எடுத்த அதே இரும்பு, அது கைக்கு எத்தனை கனமாக இருக்கும் என்று அவனுக்கும் தெரிய வேண்டாமா? மண்டையில் வேண்டாம், மண்டையில் போட்டால் உடனே முடிந்துவிடும். முதுகில். மைனருக்கு எங்கே விழுந்ததோ அங்கே. ஒன்று. இன்னொன்று. அவன் "யம்மா" என்று கத்துவான். மைனருக்கு அப்படிக் கூப்பிட வாய் இருந்ததா? அது ஊளையிட்ட சத்தத்தில் எதிர்வீட்டு விளக்கு எரிந்தது, எரிந்து உடனே அணைந்தது. அணைத்தவர்களையும் விடக் கூடாது. தெருவையே விடக் கூடாது. மாதாவே, என்ன நினைக்கிறேன் நான், வயிற்றில் சுமந்த பிள்ளையை. அவள் அவசரமாகச் சிலுவை போட்டுக்கொண்டாள். போட்ட கையில் மீன்நாற்றமும் ரத்தநாற்றமும் ஒன்றாக அடித்தன. எது எது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

காப்பி ஆறிப்போனதுதான் காரணம். அதை நினைத்தால் சிரிப்புகூட வருகிறது. விடிகிற நேரம், அவள் சந்தைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். ராத்திரி முழுக்க வெளியே கிடந்துவிட்டு அப்போதுதான் வந்தான். கடுங்காப்பி போட்டு மூடிவைத்திருந்தாள். எடுத்து ஒரு மடக்குக் குடித்தான். "என்ன இது, பச்சத்தண்ணி மாரி இருக்கு?" என்றான். "சூடு பண்ணித் தாரேன்" என்றுதான் சொன்னாள், அதைத் தவிர ஒரு வார்த்தை சொல்லவில்லை. டம்ளர் சுவரில் போய் அடித்தது. அப்புறம் தலைமுடி. கொண்டையோடு கொத்தாகப் பிடித்து இழுத்தபோது தலைத்தோல் பிய்கிற சத்தம் அவளுக்கே கேட்டது. வெளியே கேட்காது, அது மண்டைக்குள் மட்டும் கேட்கிற சத்தம், துணி கிழிகிற மாதிரி. அவள் கத்தவில்லை. கத்தினால் அக்கம்பக்கம் எழுந்துவிடும், மானம் போய்விடும் என்று அந்த நேரத்திலும் ஒரு புத்தி. மைனர் குரைக்கக்கூட இல்லை. பாய்ந்து அவன் கையைக் கவ்வியது. கவ்வியதும் அவன் விட்டான், முடியை விட்டான், அவள் சுவரோரம் விழுந்தாள். மைனரும் விட்டுவிட்டது. அதுதான், அதுதான். கடித்துக் குதறியிருக்கலாம், தொண்டையைப் பிடித்திருக்கலாம். அவன் முடியை விட்ட உடனே அதுவும் கையை விட்டுவிட்டு, வந்து அவளுக்கும் அவனுக்கும் நடுவில் நின்றுகொண்டது. அவ்வளவுதான் அதற்குத் தெரிந்தது. நடுவில் நிற்க மட்டும்தான் தெரியும். கதவுக்குப் பின்னால் சாத்திவைத்திருந்த அடிபம்புக் கைப்பிடியை அவன் எடுத்தபோதும் அது நகரவில்லை.

வராந்தாவின் கடைசியில் இருந்த கதவு திறந்தது. காக்கிச் சட்டை போட்ட ஒரு ஆள் வெளியே வந்தார். டென்சில் கையிலிருந்து நாயை வாங்கிக்கொண்டு உள்ளே போனவர் அவர்தான். வள்ளிநாயகம் என்று டாக்டரம்மா அவரைக் கூப்பிட்டது காதில் விழுந்திருந்தது. நரைத்த மீசை, முழங்கை வரை ஈரம்.

"நாய் பேரு என்னம்மா?"

அவளுக்குப் பயமாகிவிட்டது. "எதுக்கு? என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆவல. எக்ஸ்ரே எடுக்கோம். தெரியாத எடத்துல தெரியாத ஆளு கையில கெடக்குல்லா, பேரச் சொல்லிக் கூப்புட்டா கொஞ்சம் தெம்பா இருக்கும்."

"மைனரு."

"மைனரா!" வள்ளிநாயகம் சிரித்தார். சத்தமில்லாமல், மரியாதையாக ஒரு சிரிப்பு. "சரிதான். மைனர் மாரிதான் படுத்திருக்காரு." திரும்பி உள்ளே போனார். கதவு முழுதாக மூடவில்லை. இடுக்கு வழியாக, "ஏ மைனரே, ஒங்க அம்ம வெளியதான் இருக்கா, எங்கயும் போவல, நம்ம ஒரு போட்டோ எடுத்துக்கிடுவோம், என்ன" என்கிற குரல் வந்தது. மிக்கேலம்மாளுக்குக் கண் கலங்கவில்லை. கோபம்தான் வந்தது. இப்படி ஒரு குரல் இந்த ஊரில் இருந்திருக்கிறது, இத்தனை நாள் எங்கே இருந்தது? ஆட்டுக்கும் மாட்டுக்கும் பேசிக்கொண்டு இந்தச் சுவருக்குள்ளேயே இருந்திருக்கிறது. அவள் வீட்டில் ஆம்பிளைக் குரல் என்றால் அது உயரும், உயர்ந்தால் ஒரு பாத்திரம் உருளும், உருண்டால் அடி விழும். அந்த வரிசைக்கு அவள் காது பழகிவிட்டது. புருசன் செலஸ்டின் இருந்தபோதும் அதே வரிசைதான். சந்தையில் ஐஸ்பெட்டிக்குள் விழுந்து விறைத்துக் கிடந்த குட்டியை அவள் முந்தானையில் சுற்றி எடுத்துவந்த அன்றைக்குக்கூட, இது எதுக்கு என்று அவர் எட்டி உதைத்தார். குட்டி உருண்டுபோய் எழுந்து, உடம்பை ஒரு உதறு உதறி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரும்பவும் அவரிடமே வந்தது. அதைக் கேட்டுச் சந்தைப் பெண்கள்தான் மைனர் என்று பேர் வைத்தார்கள். வளர்ந்த பிறகு அவர் பெல்ட்டை உருவினால் போதும், எங்கே கிடந்தாலும் வந்து நடுவில் நிற்கும். உறுமாது, கடிக்காது. அவர் கல்லீரல் கெட்டுச் செத்தபோது அவள் ஒரு மூச்சு அழுதாள், அப்புறம் வீட்டில் கொஞ்ச காலம் ஒரு சத்தமும் இல்லை. மைனர் நடு வீட்டில் காலை நீட்டிக்கொண்டு தூங்கியது. அந்தத் தூக்கத்தைப் பார்த்துப் பார்த்து அவளும் தூங்கினாள். அப்புறம் ஒரு நாள் டென்சிலின் குரல் உயர்ந்தது. மைனர் ஒரு கண்ணைத் திறந்தது. அவளுக்கு முன்னாலேயே அதற்குத் தெரிந்துவிட்டது.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. இரும்புச் சட்டத்துக்குள் நிறுத்திக் கட்டியிருந்த ஒரு பசு, மடியில் மருந்து ஏற்றும்போது சட்டத்தை உதைத்தது. டங் என்று சத்தம். மிக்கேலம்மாள் உடம்பு தூக்கிப்போட்டது. இரும்பு அதிர்கிற சத்தம். காலையில் அது தரையில் பட்டபோது டங் என்றது, மைனர் மேல் பட்டபோது அப்படி இல்லை, அது வேறு சத்தம், நனைந்த சாக்கைத் துவைக்கிற சத்தம். திரும்பத் திரும்ப அந்தச் சத்தம் வருகிறது, எதை நினைத்தாலும் அதன் அடியில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அப்போது அவள் என்ன செய்தாள்? சுவரோரம் கிடந்தாள். காலைப் பிடித்திருக்கலாம், குறுக்கே விழுந்திருக்கலாம். அவன் ஓங்கி ஓங்கி, கை ஓய்ந்து, கைப்பிடியைப் போட்டுவிட்டு, தரையில் மண்டிபோட்டு, "மைனரே, ஏல மைனரே" என்று அலறத் தொடங்கியபோதுதான் அவளுக்கு எழுந்திருக்கவே வந்தது. அவன் அழுததைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அடித்ததைக்கூட எங்காவது கொண்டுபோய் வைக்கலாம், செலஸ்டினை வைத்த இடத்தில் வைக்கலாம். இந்த அழுகையை எங்கே வைப்பது? நிஜமான அழுகை. மூக்கு ஒழுக, தோள் குலுங்க. நாளைக்கும் அழுவான், ஒரு வாரம் குடிக்க மாட்டான், பூசைக்குப் போவான், அவள் காலைத் தொட்டுச் சத்தியம் பண்ணுவான். அப்புறம் ஒரு நாள் காப்பி ஆறும். அந்த நாளில் நடுவில் நிற்க யார் இருப்பார்கள் என்று நினைத்தபோது, பெஞ்சின் சிமெண்டு குளிர்ந்து உடம்புக்குள் ஏறுகிற மாதிரி இருந்தது. அப்படியானால் அதற்கு முன்னால் முடித்துவிட வேண்டும். இன்றைக்கே. கழுத்து, மச்சம், ஒரு விரற்கடை.

டாக்டரம்மா வெளியே வந்தாள். சின்னப் பெண்தான், கண்ணாடி போட்டவள், பச்சை அங்கியின் முன்பக்கம் முழுக்கக் கறை. நின்றபடியே சொல்லிவிட்டுப் போவாள் என்று மிக்கேலம்மாள் எழுந்தாள். டாக்டரம்மா அவள் கையைப் பிடித்து உட்காரவைத்து, தானும் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"அம்மா, முதுகெலும்பு முறிஞ்சிருக்கு. பின்னங்கால் ரெண்டும் இனிமே வராது. அதவிட, உள்ள ரத்தம் கசிஞ்சு வயிறு நெறஞ்சிக்கிட்டே இருக்கு. அறுத்துப் பாக்கலாம்னா, மயக்கம் குடுத்த ஒடனேயே போயிரும். வலிக்கு மருந்து போட்டிருக்கேன், அதனாலதான் சத்தமில்லாம இருக்கு. அது எறங்கிட்டா ரொம்பக் கஷ்டப்படும்."

"அப்ப?"

"வலியில்லாம தூங்க வச்சிரலாம். என்னால செய்ய முடிஞ்சது அது ஒண்ணுதான்."

"தூங்கன்னா? கொல்லணுங்கியளா?"

டாக்டரம்மா கண்ணை விலக்கவில்லை. "ஆமாம்மா" என்றாள். "நீங்க சரின்னு சொன்னாத்தான்."

கொல்லலாமா என்று ஒருத்தி கையைப் பிடித்துக்கொண்டு கேட்கிறாள். காலையிலிருந்து மிக்கேலம்மாள் கொன்றுகொண்டேதான் இருந்தாள். வெட்டினாள், கொளுத்தினாள், இரும்பால் அடித்தாள், யாரும் அவளிடம் சம்மதம் கேட்கவில்லை. இப்போது கேட்கிறார்கள், ஆனால் ஆள் மாறிப்போயிற்று. மரத்தடியில் இருப்பவனைக் காட்டி, அவனுக்குப் போடுங்கள் அந்த ஊசியை, நான் சரி சொல்கிறேன், எங்கே வேண்டுமானாலும் கைநாட்டு வைக்கிறேன் என்று கத்த வேண்டும்போல வந்தது. வாய் திறந்தது. "நான் பக்கத்துல இருக்கலாமா?" என்றுதான் சத்தம் வந்தது. "நீங்கதான் இருக்கணும்" என்றாள் டாக்டரம்மா.

உள்ளே எஃகு மேசை. மைனரை நேராகத் தகட்டின் மேல் போடவில்லை, பழைய போர்வையை நாலாக மடித்து விரித்து, தலைக்கு ஒரு துண்டைச் சுருட்டி வைத்திருந்தார்கள். வாயோரத்து ரத்தத்தை யாரோ துடைத்திருந்தார்கள். மூக்கு நுனியைக்கூடத் துடைத்திருந்தார்கள். வள்ளிநாயகம் அதன் காதுக்குப் பின்னால் விரலால் தடவிக்கொண்டே நின்றார், அவளைப் பார்த்ததும், "இந்தா வந்துட்டால்லா, நான் சொன்னேம்லா" என்று நாயிடம் சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டார். மைனர் கண்ணை அசைத்து அவளைத் தேடியது. அவள் உள்ளங்கையை மூக்கருகே வைத்தாள். நாக்கு வெளியே வந்து, எட்டாமல், திரும்ப உள்ளே போயிற்று.

அப்போது வாசலில் நிழல் விழுந்தது. "மைனரே" என்றான் டென்சில். அழுது அழுது குரல் கரகரத்திருந்தது. "ஏல மைனரே, என்னயப் பாருல."

மைனரின் மேலுதடு தூக்கியது. கடைவாய்ப் பல் தெரிந்தது. தொண்டைக்குள்ளிருந்து, ஒன்பது வருசமாக அவள் கேட்டிராத ஒரு உறுமல் வந்தது. மெல்லியதுதான், உள்ளே ரத்தம் கொப்பளிக்கிற உறுமல். முன்னங்கால்கள் இரண்டும் போர்வையைப் பிறாண்டின. பின்பாதி செத்த உடம்பை முன்பாதி இழுத்தது. அது வாசலை நோக்கிப் போகவில்லை. மேசையின் ஓரத்துக்கு வந்தது, அவள் நாற்காலி இருக்கிற ஓரத்துக்கு, அவளுக்கும் வாசலுக்கும் நடுவில். வள்ளிநாயகம் இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்தார். மிக்கேலம்மாள் பதறி எழுந்ததில் முக்காடு நழுவித் தோளில் விழுந்தது. உச்சியில் முடி பிய்ந்த இடம், உறைந்த ரத்தத்தோடு, ட்யூப்லைட்டுக்கு நேராகத் தெரிந்தது.

வள்ளிநாயகம் நாயைப் பார்த்தார். டென்சில் கையில் இருந்த கைக்குட்டையைப் பார்த்தார். அவள் தலையைப் பார்த்தார். நாயை மெதுவாக டாக்டரம்மாவின் கைக்கு மாற்றிவிட்டு, வாசலுக்குப் போய் டென்சிலின் தோளில் கைவைத்தார். "தம்பி, அது என்ன, கடியா? வா, மொதல்ல அதக் கழுவணும். வா வெளிய." அவர் குரல் அப்போதும் உயரவில்லை. டென்சில் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவர் கை தோளை விட்டு நகரவில்லை. போய்விட்டான்.

டாக்டரம்மா கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். "பஸ் இடிச்சிருச்சின்னு சொன்னீங்க."

"ஆமா. மினி பஸ்ஸு. பச்ச..."

"ஒங்க தலையில இடிச்சதும் அதே பஸ்தானாம்மா?"

எரிச்சலோ ஏளனமோ இல்லாமல், காய்ச்சல் எத்தனை நாளாக என்று கேட்கிற மாதிரி கேட்டாள். மிக்கேலம்மாளின் பச்சை பஸ் நடுரோட்டில் நின்றுபோனது. அந்த டிரைவர் இறங்கி எங்கோ போய்விட்டான். எதைச் சொல்வது, எங்கிருந்து தொடங்குவது, செலஸ்டினிலிருந்தா, பெல்ட்டிலிருந்தா, இருபது வருசத்தை இந்த மேசை மேல் கொட்டினால் மைனருக்கு இடம் இருக்காதே. "பஸ்ஸு இல்ல டாக்டர்" என்றாள். "காப்பி ஆறிப்போச்சு." டாக்டரம்மா பஞ்சை மருந்தில் நனைத்து, "நான் மாட்டு டாக்டர்தான், இருந்தாலும் இத இப்படி விட முடியாது" என்று அவள் உச்சந்தலையைத் துடைத்தாள். எரிந்தது. எரிகிற இடத்தில் ஊதிவிட்டாள். யாராவது தலையைத் தொட்டால் அடுத்தது இழுப்புதான் என்று கழுத்து விறைத்துக் காத்திருந்தது, இழுப்பு வரவில்லை, வரவில்லை, வரவில்லை, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. காலையிலிருந்து வராத அழுகை வாய் வழியாகவும் மூக்கு வழியாகவும் உடைத்துக்கொண்டு வந்தது. அசிங்கமான சத்தம். அடிபட்ட சத்தம். டாக்டரம்மா ஒரு கையை அவள் முதுகிலும் ஒரு கையை நாயின் மேலும் வைத்துக்கொண்டு நின்றாள்.

"இன்னைக்கு அந்த வீட்டுல ஒங்ககூட யாராவது இருக்கணும்மா. யாரு இருக்கா?"

"சந்தையில பவுலின்னு ஒருத்தி. கூப்புட்டா வருவா."

"கூப்புடுங்க. போலீசுக்குப் போகணும்னு தோணிச்சின்னா எங்கிட்ட வாங்க, நானே கூட வாரேன். இன்னைக்குத்தான்னு இல்ல, என்னைக்கு வேணாலும்."

ஊசியை முன்னங்காலில் ஏற்கெனவே போட்டிருந்த குழாய் வழியாகத்தான் ஏற்றினாள். மைனர் இன்னும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது. தாழ்ப்பாள் போட்ட கதவை. உடம்பு நடுங்கியது, ஆனாலும் தலையைத் துண்டில் சாய்க்க மாட்டேன் என்றது. மிக்கேலம்மாள் அதன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். "போதும்ல" என்றாள். "அவன் போய்ட்டான். நான் பாத்துக்கிடுவேன். நீ படு." அது அவளைப் பார்த்தது. நம்பியதா இல்லையா தெரியவில்லை. தலை அவள் கையில் கனத்தது. கனத்துக்கொண்டே வந்து, முழுக் கனமும் இறங்கிவிட்டது. டாக்டரம்மா நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டாள். "போயிட்டான்மா" என்றாள். 'அது' என்று சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, துடைத்தது போதாமல் திரும்பவும் கழற்றினாள்.

மேசைக்குப் பின்னால் ஜன்னல். ஜன்னலுக்கு அப்பால் தண்ணீர்க் குழாய். அங்கே வள்ளிநாயகம் டென்சிலின் கையைப் பிடித்துக் கழுவிக்கொண்டிருந்தார். குழாயை நன்றாகத் திறந்துவிட்டு, சோப்பைத் தேய்த்து, நுரை வழிய வழிய, விரல் விரலாக, கடிபட்ட ஓட்டை ஓட்டையாக, குழந்தைக்குக் கழுவுகிற மாதிரி கழுவிக்கொண்டிருந்தார். டென்சில் கையைக் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு விசும்பினான். மிக்கேலம்மாளுக்குள் என்னவோ அறுந்தது. அந்தக் கையையா? அந்தக் கையையா சோப்புப் போட்டுக் கழுவுகிறார்? அடிபம்புக் கைப்பிடியைத் தூக்கிய கை, கொண்டையைப் பிடித்த கை, அது அழுகி உதிர வேண்டிய கை. கதவைத் திறந்ததும் வராந்தாவைத் தாண்டியதும் அவளுக்குத் தெரியாது. வேப்பமரத்தைச் சுற்றி வட்டமாகச் செங்கல் பதித்திருந்தார்கள். ஒன்றைப் பிடுங்கினாள். நகம் மடங்கியது, மண்ணோடு வந்தது. தலைக்கு மேலே இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு அவன் பின்னால் போய் நின்றாள். பிடரி. மச்சம். கைக்கு எட்டுகிற தூரம். அவள் கை அசையவில்லை.

"யம்மா" என்றார் வள்ளிநாயகம். கையை நீட்டித் தடுக்கவில்லை. அவன் கையையும் விடவில்லை.

டென்சில் திரும்பினான். ஓடுவான் என்று நினைத்தாள். ஓடவில்லை. செங்கல்லைப் பார்த்ததும் முழங்கால் மடங்கித் தரையில் உட்கார்ந்தான், இரண்டு முழங்கையையும் தலைக்கு மேல் கூட்டி, முகத்தைத் தொடைக்குள் புதைத்து, உடம்பை ஒரு உருண்டையாக்கிக்கொண்டான். கட்டை மீசையும் அகன்ற தோளுமாக ஒரு தடியன் ஆறு வயசுப் பிள்ளை சுருங்குகிற மாதிரி சுருங்கினான். செலஸ்டின் பெல்ட்டை உருவியதும் அலமாரிக்கும் சுவருக்கும் இடையில் போய் அவன் இப்படித்தான் உட்காருவான். மைனரெல்லாம் வருவதற்கு முந்தி. அப்போது நடுவில் பாய்ந்து வாங்கிக்கொண்டவள் அவள்தான். அந்த அடிகளின் தழும்பு இன்னும் முதுகில் இருக்கிறது. நான் எத்தனை தடவை வாங்கினேன், இதுக்கா, இப்படி ஒருத்தனை மிச்சம் வைக்கவா. செங்கல் தலைக்கு மேல் கனத்தது. ஆட்டுக்குட்டிக்காரி வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து நின்றாள். குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. அவனைப் பார்த்து அவளுக்கு இரக்கம் வரவில்லை. வரவில்லை என்பதை அவளே கவனித்தாள். அருவருப்புதான் வந்தது, அதோடு, தோண்டி எடுக்க முடியாத ஆழத்தில், பவுடர் வாசனை. கையிலிருந்ததை அவன் பக்கத்தில் மண்ணில் போட்டாள். அது விழுந்த சத்தத்துக்கே அவன் உடம்பு துடித்தது.

"பெரியாஸ்பத்திரிக்குப் போ" என்றாள். "அந்தக் கடிக்கு ஊசி போட்டுக்க. எத்தன தடவ வரச் சொன்னாலும் போ, ஒண்ணயும் விட்டுராத."

அவன் முழங்கைகளுக்கு இடையிலிருந்து எட்டிப் பார்த்தான். "யம்மா..."

"வீட்டுக்கு வராத."

"நான் எங்கம்மா போவேன்?"

அவள் வள்ளிநாயகத்தைப் பார்த்து, "அண்ணாச்சி, எம் பிள்ளய நல்லா ஆழமாத் தோண்டிப் பொதச்சிருவியளா?" என்றாள்.

"நானே தோண்டுதேம்மா" என்றார் அவர். "பின்னால புங்கமரம் நிக்கி. நெழலு உண்டு. இருந்து ஒரு பிடி மண்ணு போட்டுட்டுப் போறியளா?"

வேண்டாம் என்று அவள் தலையை ஆட்டினாள். மண்ணைக் கையில் எடுத்தால் திரும்பவும் என்ன செய்வாள் என்று அவளுக்கே தெரியாது. கேட்டைப் பார்த்து நடந்தாள். உள்ளங்கையில் செங்கல் தூள் சிவப்பாக ஒட்டியிருந்தது. வெயில் மண்டைக் காயத்தில் நேராகக் குத்தியது, முக்காடு போடத் தோன்றவில்லை. பின்னால் அவன் எழுந்திருக்கிறானா? எழுந்துவிட்டான், செருப்புச் சரசரப்பு கேட்கிறது, இல்லை, அது பசுவை அவிழ்க்கிற சத்தம். இப்போது ஓடிவருவான். வந்து காலைப் பிடிப்பான், இல்லை கொண்டையைப் பிடிப்பான், இரண்டில் எது என்று அவனுக்கே வந்து சேர்கிற வரைக்கும் தெரியாது. முதுகு முழுவதும் காதாகிவிட்டது. நாலடி, இன்னும் கொஞ்சம், கேட்டுக் கம்பி கைக்குச் சுட்டது. திரும்பிப் பார்த்தால் தெரிந்துவிடும். திரும்பக் கூடாது. திரும்பினால் அவன் முகம் தெரியும், முகம் தெரிந்தால் சாயங்காலம் கதவைத் திறந்துவிடுவாள், அவளுக்கு அவளைத் தெரியாதா? பவுலினைக் கூப்பிட வேண்டும். தாழ்ப்பாளுக்கு ஒரு ஆணி அடிக்க வேண்டும், அது ஆடுகிறது. தரையை அவளே கழுவ வேண்டும், அது காய்ந்திருக்கும், சுடுதண்ணீர் வேண்டும். ரோட்டில் வண்டிகள் இரைந்தன. முதுகு விழப்போகிற அடிக்காகக் காத்திருந்தது, தோள்பட்டை இரண்டும் காதுவரை ஏறி நின்றன, மூச்சு பாதியில் நின்றது. பஸ் வந்து நின்று, கண்டக்டர் "ஏறுங்கம்மா, ஏறுங்க" என்று கத்தினார். ஏறினாள். அடி விழவில்லை. பஸ் கிளம்பி, வளைவு திரும்பி, சந்தைக்கு இறங்குகிற நிறுத்தம் வருகிற வரைக்கும் அவள் உட்காராமல், முதுகைக் கம்பியில் அழுத்திச் சாய்த்துக்கொண்டு, படிக்கட்டைப் பார்த்தபடியே நின்றாள்.